ஈகையா, நீதியா? பெயர்ச்சொற்களைத் தேர்ந்துகொள்வது பற்றி ஓர் ஆய்வு

1. வினா எழுந்த இடம்

நாவலூரில் நாம் ஊழியம் செய்துவரும் சிறு சபை, தன் உதவி நிதிக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு பெயர் சூட்ட விரும்பியது. பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கிலும் கணிப்பொறி நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தபின், இப்பகுதிச் சபைகளில் இருவகை மக்கள் ஒரே ஆலயத்தில் கூடுகின்றனர். தலைமுறை தலைமுறையாய்த் தமிழ்த் திருமறையைக் கேட்டு வளர்ந்தோர் ஒரு சாரார். வேலையின் பொருட்டுப் பல மாநிலங்களினின்றும் வந்து ஆங்கிலத் திருமறையை வாசிப்போர் மற்றொரு சாரார். ஆகவே அறிவிப்புப் பலகை முதல் காணிக்கை உறை வரை யாவும் இருமொழியில் அமைதல் வேண்டும். சபைக் கமிட்டியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஐந்து ஆங்கிலப் பெயர்ச்சொற்களை ஒரு தாளில் எழுதி நம்மிடம் தந்தார்: சாரிட்டி, மெர்சி, லவ், ரைச்சஸ்னஸ், ஜஸ்டிஸ். "ஐயா, இவை ஏறக்குறைய ஒரே பொருளுடையவைதாமே? கேட்பதற்கு நன்றாயிருக்கும் ஒன்றை நீங்களே குறித்துக்கொடுங்கள்" என்றார்.

நாமும் அன்று அவ்வாறே எண்ணினோம். 'சாரிட்டி' என்பதன்கீழ்க் கோடிட்டு, அருகில் 'தர்ம நிதி' என்று எழுதிக்கொடுத்தோம். பல ஆண்டுகளாக நம் வகுப்புக் குறிப்புகளில் அவ்விரு சொற்களையும் நேருக்கு நேராக வைத்தே கற்பித்து வந்தமையால், அதில் ஐயம் ஒன்றும் தோன்றவில்லை.

கிறிஸ்மஸ் வாரத்தில் அந்நிதியினின்று அரிசியும் போர்வைகளும் வாங்கிக்கொண்டு, நாவலூருக்கு வடக்கே அடுத்துள்ள செம்மஞ்சேரிக்குச் சென்றோம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரையினின்றும், நகரத்தின் ஆற்றோரங்களினின்றும் அகற்றப்பட்ட குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. பிற்காலத்தில் பெரும்பாக்கத்திலும் இத்தகைய பல மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அரிசிப் பையைப் பெற்றுக்கொண்ட தாய் ஒருவர், தாம் முன்பு வாழ்ந்த பகுதிக்கே இன்றும் வீட்டுவேலைக்குச் சென்று வருபவர், நம்மை நோக்கி, "ஐயா, ஆண்டவர் பெயரால் கொடுத்தீர்கள், வாங்கிக்கொண்டேன். ஆனால் விடியற்காலையில் வேலைக்குப் போக ஒரு பஸ் வேண்டுமென்று நாங்கள் மனு எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் சபையில் படித்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்களே, அதில் கையெழுத்துப் போடுவார்களா?" என்று கேட்டார்.

இக்கோரிக்கையை நாம் கமிட்டியில் வைத்தபோது கிடைத்த விடை சுருக்கமானது: "அது நமது நிதியின் நோக்கத்தில் வராது, ஐயா. இது சாரிட்டி நிதி." சொன்னவர் கல்நெஞ்சர் அல்லர், அந்நிதிக்கு அதிகமாய்க் கொடுத்தவருள் ஒருவர். நாம் கோடிட்டுத் தந்த சொல்லின் பொருளை அவர் நம்மினும் சரியாக உணர்ந்திருந்தார். ஒரு பெயர்ச்சொல் ஒரு மனுவைத் தள்ளிவிட்டது. அதன் பின்னரே, அத்தாளில் இருந்த ஐந்து சொற்களும் ஒரே பொருளுடையவையா என்னும் வினாவை நாம் ஆராயத் தொடங்கினோம்.

2. ஆங்கிலச் சொற்களின் பின்னணி

ஆங்கிலத்தில் நெருங்கிய பொருளுடைய பெயர்ச்சொற்கள் மலிந்திருப்பதைக் கண்டு நம் மாணவர் வியப்பதுண்டு. இம்மிகுதிக்குக் காரணம் பெரும்பாலும் அந்நாட்டின் வரலாறே. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், நாட்டு மக்களின் பழைய ஆங்கிலச் சொற்களும் ஆண்டோர் கொணர்ந்த பிரெஞ்சுச் சொற்களும் அருகருகே வழங்கலாயின. நம் தாளில் உள்ளவற்றுள் 'லவ்', 'ரைச்சஸ்னஸ்' ஆகியவை முதல் வகையின. 'சாரிட்டி', 'மெர்சி', 'ஜஸ்டிஸ்' ஆகியவை இரண்டாம் வகையின. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'திகையொசுனே' என ஒன்றாய் நிற்கும் சொல் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிந்தது. நாளடைவில் 'ரைச்சஸ்னஸ்' என்பது தனி மனிதனின் பக்தியொழுக்கத்தையும், 'ஜஸ்டிஸ்' என்பது நீதிமன்றத்தையும் அரசையும் நினைவூட்டுவனவாயின. இப்பிரிவு இங்கிலாந்தின் வரலாற்றில் தோன்றியது. திருமறையில் தோன்றியது அன்று. ஆயினும் ஆங்கில விளக்கவுரைகளை வாசிக்கும் நாம், அதனைத் திருமறையின் பிரிவாகவே கருதி, ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்றதை மற்ற நாள்களுக்கும் ஒதுக்கிவிடுகின்றோம்.

'சாரிட்டி' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் கவனிக்கத்தக்கது. 'அகாபே' என்னும் கிரேக்கச் சொல்லை இலத்தீன் திருமறை பல இடங்களில் 'காரித்தாஸ்' என்று பெயர்த்தது. அதன் வழிவந்ததே 'சாரிட்டி'. 1526இல் தம் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட வில்லியம் டிண்டேல், இச்சொல்லை விலக்கி 'லவ்' என்று எழுதினார். 'சர்ச்' என்பதற்கு ஈடாகச் 'சபைக்கூட்டம்' எனப் பொருள்படும் சொல்லையும், 'குரு' என்பதற்கு ஈடாக 'மூப்பர்' எனப் பொருள்படும் சொல்லையும் ஆண்டார். 1529இல் தாமஸ் மோர் இவற்றைக் கடுமையாகச் சாடினார். அன்பு என்பது நல்லோர்க்கும் தீயோர்க்கும், தூயதற்கும் இழிந்ததற்கும் பொதுவான சொல். தெய்விக அன்புக்கென்றே திருச்சபை காத்துவந்த சொல்லை விட்டுப் பொதுச்சொல்லை நாடுவது ஏன் என்பது அவர் வாதத்தின் சாரம். 1531இல் டிண்டேல் விடையளித்தார். மக்கள் வழக்கில் 'சாரிட்டி' பிச்சையிடுதல் முதலிய வேறு பொருள்களை ஏற்றுவிட்டது என்பதும், 'லவ்' என்பதற்கு வினைவடிவம் உண்டு, மற்றதற்கு இல்லை என்பதும் அவர் கருத்து. கடவுளிடத்தும் அயலானிடத்தும் அன்புகூரலாம். அயலானைச் 'சாரிட்டி' செய்க என்று எவரும் ஏவ இயலாது.

இவ்விருவரும் கொலைத்தண்டனை பெற்றே மாண்டனர்: மோர் 1535இல், டிண்டேல் 1536இல். இப்பெயர்ச்சொல் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்வது தவறு. ஆனால் சொற்களைத் தேர்வதை அகராதி வேலையாக இருவரும் கருதவில்லை என்பது தெளிவு. இருவரிடத்தும் நாம் கற்க வேண்டியது உண்டு. பொதுச்சொல் தெய்விகப் பொருளை இழக்கக்கூடும் என்ற மோரின் அச்சம் வீணன்று. சிறப்புச்சொல் உயிரிழந்து வெறும் சடங்காகக்கூடும் என்ற டிண்டேலின் அச்சமும் வீணன்று.

1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருமறை, 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தில் 'சாரிட்டி'யையே மீண்டும் அமர்த்தியது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1601இல், எலிசபெத் அரசியாரின் ஆட்சியில் இயற்றப்பட்ட அறக்கொடைச் சட்டம் அதே சொல்லைச் சொத்து, கொடை, அறங்காவலர் ஆகியவற்றின் சட்டச்சொல்லாக்கியிருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் சட்டப்பொருளே வென்றது. ஆங்கிலேயர் குளிர்ச்சிக்கு உவமையாகச் 'சாரிட்டி'யைச் சொல்லும் அளவுக்கு அச்சொல் நிலைமாறியது. விளைவாக, அந்த அதிகாரத்தின் 3ஆம் வசனம் ஆங்கில வாசகருக்குப் புதிராயிற்று. தமக்குண்டான யாவற்றையும் ஏழைகளுக்கு அன்னமாகக் கொடுத்தவருக்கும் 'சாரிட்டி' இல்லாதிருத்தல் எவ்வாறு கூடும்? இக்குழப்பத்தினின்று 1881இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு 'லவ்' என்று மாற்றி வாசகரை விடுவித்தது. டிண்டேலின் சொல் அந்த அதிகாரத்துக்குத் திரும்பிவர 1611இலிருந்து 270 ஆண்டுகள் ஆயின.

ஆகவே, கமிட்டியின் நண்பர் 'சாரிட்டி'க்குக் கொடுத்த பொருள் அவர் கற்பித்துக்கொண்டதன்று. உள்ளவர் இல்லாதவர்க்குத் தாமாக மனமுவந்து, தமக்கு ஏற்ற அளவில், கேள்விக்கு உட்படாமல் கொடுப்பது என்பதே இன்று அச்சொல்லின் பொருள். பேருந்து கேட்கும் மனுவுக்கு அதில் இடம் இல்லைதான்.

3. ஒரு வசனம், நான்கு பெயர்ச்சொற்கள்

நம் வினாவுக்கு நேரடியாகத் தொடர்புடைய திருமறைப் பகுதி மத்தேயு 6:1 ஆகும். மனிதர் காணும்படி செய்யலாகாது என்று நம் ஆண்டவர் எச்சரிக்கும் செயல் யாது? 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருமறை 'ஆம்ஸ்', அதாவது பிச்சை, என்கின்றது. 1881ஆம் ஆண்டின் திருத்தம் 'ரைச்சஸ்னஸ்' என்கின்றது. 1946இல் வெளிவந்த திருத்திய செந்தரப் புதிய ஏற்பாடு 'பயட்டி', அதாவது பக்தி, என்கின்றது. 1961இல் வெளிவந்த புதிய ஆங்கிலப் புதிய ஏற்பாடு 'ரிலிஜன்', அதாவது சமயம், என்கின்றது. ஒரே இடத்தில் நான்கு பெயர்ச்சொற்கள்!

முதல் இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டுக்குச் சுவடிகளே காரணம். பிற்காலச் சுவடிகள் பலவும், அவற்றைத் தழுவி அச்சிடப்பட்ட கிரேக்கப் பாடமும் 'எலெஎமொசுனே' என்று வாசிக்கின்றன. இரக்கத்தினின்று பிறக்கும் கொடை என்பது அதன் பொருள். ஆங்கில 'ஆம்ஸ்' என்பதே இக்கிரேக்கச் சொல் தேய்ந்து வந்த உருவந்தான். ஆனால் வத்திக்கான் சுவடி முதலான பழஞ்சுவடிகள் 'திகையொசுனே' என்று வாசிக்கின்றன. இதுவே மூலபாடம் என்பதற்குப் பகுதியின் அமைப்பும் சான்றாகும். 2 முதல் 4 வரையுள்ள வசனங்கள் ஈகையையும், 5 முதல் 15 வரை ஜெபத்தையும், 16 முதல் 18 வரை உபவாசத்தையும் பேசுகின்றன. முதல் வசனம் இம்மூன்றுக்கும் பொதுத்தலைப்பாய் நிற்கின்றது. அங்கே 'பிச்சை' என்று வாசிப்பின், தலைப்பு மறைந்து முதற்பிரிவோடு கலந்துவிடும். 'நீதி' என்று வாசிப்பின், ஈகை, ஜெபம், உபவாசம் மூன்றும் நீதியின் கிளைகள் என்பது விளங்கும். ஈகை நீதிக்கு மாற்று அன்று. நீதியின் ஒரு பகுதி.

பின்னிரண்டு சொற்களைக் குறித்து நமக்குத் தயக்கம் உண்டு. 'பயட்டி'யும் 'ரிலிஜ'னும் கேட்பவரை ஆலயத்துக்குள் அழைத்துச் சென்று கதவைச் சாத்திவிடுகின்றன. ஜெபத்துக்கும் உபவாசத்துக்கும் அவை பொருந்தக்கூடும். ஏழையின் கையில் விழும் காசு வெறும் பக்திச் செயலாய் மாறும்போது, அந்த ஏழை நமது பக்திக்கு ஒரு கருவியாகிவிடுகின்றார் அல்லவா? அதைத்தானே ஆண்டவர் கண்டித்தார்? எக்காளம் ஊதுவோர் தங்கள் பலனை அடைந்துவிட்டனர் என்று கூறும்போது அவர் ஆளும் வினைச்சொல், அக்கால வணிகப் பற்றுச்சீட்டுகளில் தொகை முழுவதும் பெறப்பட்டது என்பதற்கு வழங்கிய சொல். கணக்கு முடிந்தது, இனி வரவேண்டியது ஒன்றுமில்லை.

தமிழர்க்கு இக்கண்டனம் புதிதன்று. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று, மறுமைப் பயனை எண்ணி அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் அவன் என்று அவனைப் போற்றுகின்றது. பயனுக்காகக் கொடுப்பது கொடையன்று, கொள்முதல் என்பதில் மலைப்பிரசங்கமும் அப்புலவரும் ஒத்த கருத்தினர்.

4. தமிழில் நாம் பெற்றதும் இழந்ததும்

1871ஆம் ஆண்டின் தமிழ்த் திருமறை, பவர் ஐயர் தலைமையில் உருவானது, மத்தேயு 6:1இல் 'தர்மம்' என்ற சொல்லை ஆள்கின்றது. பிற்காலச் சுவடிகளின் பாடத்தைத் தழுவியமையால் அவர்கள் 'பிச்சை' என்ற பொருளிலேயே அதனை எழுதியிருத்தல் வேண்டும். ஆயினும் அவர்கள் தெரிந்தெடுத்த சொல், அவர்கள் கருதியதற்கு மேலான பொருளையும் தன்னுள் தாங்கி நின்றது. 'தர்மம்' என்பது வெறும் பிச்சையன்று. நீதிபதியின் இருக்கை தர்மாசனம். இலவச மருத்துவமனை தர்ம ஆஸ்பத்திரி. வழிப்போக்கர் தங்குமிடம் தர்ம சத்திரம். தெருவில் கையேந்துபவர் கேட்பதும் தர்மமே. ஆசனத்தில் வீற்றிருப்பதும் கையேந்தி நிற்பதும் ஒரே சொல்! 'அறம்' என்பதும் அவ்வாறே. பழந்தமிழரின் நீதிமன்றம் அறங்கூறவையம். இன்றைய கொடை நிறுவனம் அறக்கட்டளை.

இதற்கு இணையான வரலாறு எபிரேயத்திலும் உண்டு. 'செதாக்கா' என்பது நீதியைக் குறிக்கும் சொல். உபாகமம் 24:13இல், ஏழையிடம் அடகாக வாங்கிய போர்வையைச் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடுப்பதே 'செதாக்கா' எனப்படுகின்றது. அது ஏழைக்குக் காட்டும் தயவு அன்று. அவர் போர்வை அவருக்கு வந்து சேருகின்றது. சங்கீதம் 112:9இல் ஏழைகளுக்கு வாரியிறைப்பவரின் 'செதாக்கா' நிலைநிற்கும் எனப்படுகின்றது. பவுல் அடியார் எருசலேம் ஏழைகளுக்கான நிதியைப் பற்றி எழுதுகையில், 2 கொரிந்தியர் 9:9இல், அதனையே எடுத்தாள்கின்றார். தானியேல் 4:27இல் அரசனுக்கு உரைக்கப்பட்ட நீதியைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் 'எலெஎமொசுனே' என்று பெயர்த்தனர். பிற்கால யூதர் வழக்கில் 'செதாக்கா' என்றாலே ஏழைகளுக்கான கொடை என்றாயிற்று.

இவ்வாறு 'சாரிட்டி', 'செதாக்கா', 'தர்மம்' ஆகிய மூன்றும் அகன்ற பொருளில் தொடங்கி, காலப்போக்கில் கையில் விழும் காசின் அளவுக்குச் சுருங்கின. இடையே ஒரு வேறுபாடும் உண்டு. அன்பினின்று சுருங்கியது 'சாரிட்டி'. நீதியினின்று சுருங்கியவை மற்ற இரண்டும். ஆகவே 'சாரிட்டி' என்பதை அதன் மூலத்துக்கு மீட்டால் அன்பு கிடைக்கும். 'தர்ம'த்தை மீட்டால் நீதி கிடைக்கும். இவ்விரண்டையும் நம் குறிப்புகளில் நேருக்கு நேராக எழுதிவைத்தது எத்தகைய பிழை என்பது இங்கே விளங்கும். சுருங்கிய நிலையில் மட்டுமே அவை ஒத்த பொருளுடையவை. அச்சுருக்கத்தையே நாம் பாடமாகக் கற்பித்துவந்தோம்.

'நீதி' என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். உரோமர் நிருபத்தை ஆங்கிலத்தில் வாசிப்பவருக்கு, பெயர்ச்சொல் 'ரைச்சஸ்னஸ்' என்றும் வினைச்சொல் 'ஜஸ்டிஃபை' என்றும் வேறு வேறாய்க் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்று ஆசிரியர் எடுத்துரைத்தால் ஒழிய அவர் அறியார். பழைய தமிழ்த் திருமறையை வாசிக்கும் கிராமத்து மூதாட்டியோ, நீதி, நீதிமான், நீதிமானாக்குதல் என அவ்வேரைக் காதாலேயே கண்டுகொள்வார். 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் இவ்விடங்களில் 'ஏற்புடையவர்' என்னும் சொற்றொடரை ஆள்கின்றது. நீதிமானாக்கப்படுதல் என்பது கடவுளோடுள்ள உறவு என்பதை இது தெளிவாக்குகின்றது. அதனை நாம் நன்றியோடு ஏற்கின்றோம். ஆனால் கடவுள் நம்மை ஏற்பதற்கும் நாம் அயலானுக்கு நீதி செய்வதற்கும் உள்ள சொல்லிணைப்பு அங்கே அறுந்துவிடுகின்றது. மறுபுறம், மத்தேயு 6:1இல் அதே பதிப்பு 'அறச் செயல்கள்' என்று பெயர்த்திருப்பது, ஆங்கில நூல்களில் நாம் கண்ட நான்கினும் சிறந்ததென்பது நம் துணிபு. 'அறம்' என்னும் ஒரே சொல் ஈகை, ஜெபம், உபவாசம் மூன்றையும் தாங்கவல்லது. அறங்கூறவையத்தின் நினைவையும் அது இழக்கவில்லை.

கடவுளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லைப் பற்றி நம் முன்னோர் தலைமுறைகளாய் வாதிட்டனர். சீகன்பால்கு ஐயர் 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியஸ் ஐயர் 'பராபரன்' என்றார். 1871ஆம் ஆண்டின் பதிப்பு 'தேவன்' என்றது. இருபதாம் நூற்றாண்டின் திருத்தம் 'கடவுள்' என்றது. அவ்வாதம் வேண்டுவதே. ஆனால் அயலானுக்கு நாம் செய்யவேண்டியதைக் குறிக்கும் பெயர்ச்சொல்லுக்காக அத்தகைய வாதம் எதனையும் நம் கட்டுரைகளில் நாம் கண்டதில்லை. முதற்கற்பனைக்குக் காட்டிய கவனத்தை அதற்கு ஒப்பான இரண்டாம் கற்பனைக்கும் காட்டுவது முறையன்றோ?

5. எதிர்ப்புறத்து ஆபத்து

இதுவரை கூறியவற்றினின்று, 'சாரிட்டி'யை அழித்து 'ஜஸ்டிஸ்' என்று எழுதிவிட்டால் போதும் என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். இன்றைய இறையியல் கட்டுரைகளில் இப்போக்கு மிகுதியாய்க் காணப்படுகின்றது. இதனை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை.

முதலாவது, பெயர் மாறுவதனால் பொருள் மாறிவிடாது. செம்மஞ்சேரிக் குடியிருப்புகளை எழுப்பிய வாரியம் 1970இல் குடிசை மாற்று வாரியம் என்று நிறுவப்பட்டது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றம் பெற்றது. புதிய பெயர் மக்களை இழிவுபடுத்தாத நல்ல பெயர். ஆயினும் நகரினின்று அங்குள்ள தூரம் பெயர் மாற்றத்தால் ஒரு கல் தொலைவும் குறையவில்லை. அதுபோலவே காணிக்கை உறையில் 'ஜஸ்டிஸ்' என்று அச்சிட்டுவிட்டு முன்போல் அரிசி மட்டும் வழங்கினால், நாம் சொல்லைத் திருத்தினோமே ஒழிய, வழியைத் திருத்தவில்லை. மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்: நீதியையும் மனிதர் காணும்படி செய்ய இயலும்.

இரண்டாவது, பசி நீதிக்காகக் காத்திராது. 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் இப்பகுதித் தெருக்கள் நீரில் மூழ்கியபோது, உணவுப் பொட்டலத்தை ஏந்திச் சென்றவர்களிடம், இது ஈகையா நீதியா என்று எவரும் வினவவில்லை, வினவியிருக்கவும் கூடாது. ஈகையை ஏளனம் செய்யும் நீதிப்பேச்சு, கொடாதிருப்போருக்கு எளிதில் ஒரு போர்வையாகிவிடும்.

மூன்றாவது, 'ஜஸ்டிஸ்' என்பதும் தன் வரலாற்றால் சுருங்கிய சொல்லே. வழக்கு, தீர்ப்பு, தண்டனை, உரிமை ஆகியவற்றை அது நன்றாய் உணர்த்தும். ஆனால் போர்வையை மாலைக்குள் திருப்பிக் கொடுப்பவனிடம் உள்ள இளகிய நெஞ்சை அது உணர்த்துவதில்லை. எபிரேயத் தீர்க்கர் 'மிஷ்பாத்', 'செதாக்கா', 'ஹெசெத்' என்னும் மூன்று சொற்களையும் இணைத்தே பேசினர். ஒன்று தீர்ப்பின் நேர்மை. ஒன்று உறவின் நேர்மை. ஒன்று மாறாத இரக்கம். இவற்றுள் ஒன்றை மட்டும் உறையில் எழுதிவைத்து ஏனையவற்றை மறத்தல் ஆகாது.

6. நாம் கண்ட வழி

திருவள்ளுவர் ஈகை என்னும் 23ஆம் அதிகாரத்துக்கு முன், 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். ஈகை வறியவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்வோன், ஊருக்குத் தான் பட்ட கடமையை உணர்ந்து செய்வது. ஊருணியும் பயன்மரமும் அங்கே உவமையாகின்றன. ஊருணியின் நீரை மொண்டு செல்பவர் எவரும் பிச்சை பெற்றவர் ஆகார். இச்சொல்லையே நம் தமிழ்த் திருமறை 2 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தில், கடவுள் கிறிஸ்துவின் வழியாய் உலகத்தைத் தம்மோடு சேர்த்துக்கொண்ட செயலுக்கு வழங்கிற்று. கடவுள் நம்மைத் தம்மோடு ஒப்புரவாக்கியதும், நாம் ஊரோடு ஒப்புரவாய் வாழ்வதும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் பேறு தமிழுக்குக் கிடைத்திருக்கின்றது. ஆங்கிலத்தின் ஐந்து பெயர்ச்சொற்களுள் எதுவும் இதற்கு நிகராகாது.

ஆகவே நிதிக்கு 'ஒப்புரவு நிதி' என்ற பெயரைக் கமிட்டியின்முன் வைத்தோம். ஆங்கிலத்தில் ஒரே சொல் தேடாமல், 'லவ்' என்பதையும் 'ஜஸ்டிஸ்' என்பதையும் இணைத்து எழுதலாம் என்றோம். முதியோர் சிலர் திருமறையில் தாம் கேட்டுப் பழகிய 'தர்மம்' என்ற சொல்லே போதும் என்கின்றனர். அவர்கள் அதனை அதன் முழுப்பொருளில் சொல்வார்களாயின் நமக்கு மறுப்பில்லை. இது இன்னும் முடிவாகவில்லை.

இத்தகைய சொற்களுக்கு முன்நிற்கும் ஆயர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூறவிரும்புவது, எந்த ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் நிகரென்று எழுதுமுன் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று என்பதே. மூலமொழியில் உள்ள சொல் யாது? ஆங்கிலச் சொல்லின்மேல் அந்நாட்டு வரலாறு ஏற்றியது யாது? நம் மக்கள் அத்தமிழ்ச் சொல்லைச் சந்தையிலும் தெருவிலும் எப்பொருளில் கேட்கின்றனர்? அச்சொல் கொடுப்பவரையும் பெறுபவரையும் எங்கெங்கே நிறுத்துகின்றது? முதல் மூன்றுக்கு விடைகாண நூல்கள் உதவும். நான்காவதற்கு விடைகாண, பெறுபவரிடமே சென்று கேட்டல் வேண்டும்.

செம்மஞ்சேரித் தாயின் மனுவை நாம் மீண்டும் கமிட்டிக்குக் கொண்டுசென்றோம். அம்முறை நிதியின் நோக்கத்தைப் பற்றிய பேச்சு எழவில்லை. முதலில் மறுத்த நண்பரே அம்மனுவை ஆங்கிலத்திலும் எழுதித்தந்து, தம் கையொப்பத்தையும் இட்டார். அன்று ஆராதனை முடிந்தபின் சபையார் வரிசையில் நின்று கையொப்பமிட்டனர். பேருந்து இன்னும் வரவில்லை. மனு மறுபடியும் எழுதப்பட வேண்டும். காணிக்கை உறையில் எச்சொல்லை அச்சிடுவது என்பது முடிவாகும் வரையிலும், அந்த வேலை காத்திருக்க வேண்டியதில்லை.